ஃபார்மட் செய்யச் சொல்லும் டிஸ்க்

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தங்கை கல்யாண வீடியோவை ஸ்டூடியோவில் ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தார்கள். செல்போன் படங்களையும் அதிலேயே ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இல்லை. இப்போது விளக்கு எரிகிறது, சுழலும் சத்தம் கேட்கிறது, டிஸ்க் மட்டும் திறக்கவில்லை. ஃபார்மட் செய்யச் சொல்கிறது விண்டோஸ். செய்யலாமா?

கூடாது.

சில்லறைக் காரணங்களை முதலில் தள்ளிவிடுவோம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. நின்றுகொண்டிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். எனவே வயரை மாற்றுங்கள், கேபினட்டின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கப் போர்ட்டில் சொருகிப் பாருங்கள். 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டால் உடனே கழற்றிவிடுங்கள். அது சாஃப்ட்வேரால் தீரும் வியாதி இல்லை. சத்தம் சீராக இருந்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பட்டியலில் டிஸ்கின் அளவும் சரியாகத் தெரிந்தால், பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கணக்குதான் குழம்பியிருக்கிறது.

இந்தக் கணக்கு விவகாரம்தான் ருசியானது. ஒரு படத்தை எழுதுவதென்றால் டிஸ்கில் காலி இடம் தேட வேண்டும், அந்த இடம் போய்விட்டதென்று குறிக்க வேண்டும், ஃபோல்டரில் பெயர் சேர்க்க வேண்டும், படத்தையும் எழுத வேண்டும். இவை வெவ்வேறு இடங்களில், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. நடுவில் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், இடம் இருக்காது. அல்லது இடம் இருக்கும், பெயர் இருக்காது.

ஆவடி மார்க்கெட்டில் ஓர் அண்ணாச்சி கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பேரேட்டைத் திறந்ததும் அட்டைமேல் 'கணக்கு நடக்கிறது' என்று ஒரு சீட்டு ஒட்டுகிறார். இரவு கணக்கு நேரானதும் அதைக் கிழித்துவிடுகிறார். மறுநாள் காலையிலும் சீட்டு அப்படியே இருந்தால், ராத்திரி ஏதோ நடந்திருக்கிறது. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டுமென்று பலர் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் இந்தச் சீட்டு ஒரே ஒரு பிட். தொடக்கப் பகுதியில் 106 என்று எண்ணிட்ட பைட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதி கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகையும் உண்டு. அந்தக் கூட்டலில் இந்த பைட்டை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். பேரேட்டை எடை போட்டுக் களவு பார்ப்பவர் சீட்டின் எடையைக் கழித்துக்கொள்வது மாதிரி. இல்லாவிட்டால் ஒட்டும்போதும் கிழிக்கும்போதும் தராசைத் தூக்க வேண்டுமே!

விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அண்ணாச்சி இன்னும் உஷார். பேரேட்டைத் தொடுமுன் என்ன எழுதப்போகிறார் என்பதைத் தனியே சிட்டையில் குறித்துவிடுகிறார். பாதியில் மயங்கி விழுந்தால் மகன் வந்து சிட்டையைப் பார்ப்பான். முழுதாக எழுதியிருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவான், அரைகுறையை அடித்துவிடுவான். சிட்டை எழுதும்போதே மயங்கினால்? பேரேட்டைத்தான் இன்னும் தொடவில்லையே, நட்டமில்லை. ஆனால் அரிசி மூட்டை எந்த அறையில் என்பதைத்தான் இந்தச் சிட்டை சொல்லும். மூட்டைக்குள் கல் இருக்கிறதா என்று சொல்லாது. டிஸ்க் சரியாகத் திறந்தும் வீடியோ நடுவில் நிற்பது இதனால்தான். எக்ஸ்ஃபேட் அண்ணாச்சிக்கோ சிட்டையே கிடையாது, நேரே பேரேடுதான்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள், கொள்ளளவு சுமார் 3.75 எம்பி. சிட்டை எழுதும் என்டிஎஃப்எஸ் 1993-இல் வந்தது, எக்ஸ்ஃபேட் 2006-இல். பின்னால் வந்ததுதான் சிட்டையை விட்டுவிட்டது.

சீட்டைக் கண்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். விண்டோஸ் பெரும்பாலும் திறந்துவிட்டு, சோதிக்கட்டுமா என்று கேட்கும். மேக் வாய் திறக்காமல் சோதனையில் இறங்கிவிடும். பெரிய டிஸ்காக இருந்தால் அது முடியும்வரை கண்ணிலேயே படாது. லினக்ஸ் பல சமயம் மறுத்துவிடும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியோடு இப்படி இரண்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் 'ஷட் டவுன்' என்பது பாதித் தூக்கம்தான், சீட்டு கிழிவதில்லை. அந்தப் பக்கம் லினக்ஸ் வந்து பார்த்தால் கதவு அடைப்பு. டிஸ்க் போயே போய்விட்டது என்று சென்னை ரிச்சி தெரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. விண்டோஸுக்குத் திரும்பி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் போதும்.

2019-இல் 'இனி யுஎஸ்பியை அப்படியே பிடுங்கலாம்' என்று செய்திகள் பறந்தன. விண்டோஸ் தன் பக்கத்தில் எழுத்தைத் தேக்கிவைக்கும் பழக்கத்தை இயல்பாகவே நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அன்றும் ஆபத்து, இன்றும் ஆபத்து. கரண்டுக்கு இதெல்லாம் தெரியாது.

வாசகரின் டிஸ்குக்கு வருவோம். ஃபார்மட் செய்யச் சொல்வது பேரேட்டின் முதல் பக்கமே விண்டோஸுக்குப் புரியாதபோது. உள்ளே ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பக்கத்துக்குப் பிரதியும் உண்டு: என்டிஎஃப்எஸ் கடைசி செக்டரில் வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட் 12 என்று எண்ணிட்ட செக்டரிலிருந்து. முழு ஃபார்மட் கொடுத்தால் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. அப்புறம் எந்த 'நூறு சதவீத ரெகவரி' விளம்பரமும், ஏஐ என்று முன்னால் ஒட்டிக்கொண்டாலும், எதையும் மீட்காது. பலர் சிபாரிசு செய்யும், விண்டோஸின் செக்டிஸ்க் நிரலும் கணக்கை நேராக்கத்தான் பார்க்கும், கல்யாணத்தைக் காப்பாற்ற அல்ல. பொருந்தாதவற்றைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும்.

ஆகவே அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வாங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் மொத்தத்தையும் அப்படியே நகலெடுங்கள். வைத்தியமெல்லாம் நகலுக்குத்தான். அதற்கும் முன்னால் ஸ்டூடியோவுக்கு ஒரு போன் போடுங்கள். மூலப் பிரதி அங்கே இருக்கலாம். இடம் வேண்டுமென்று அவர்களும் பழைய கல்யாணங்களை அழித்துக்கொண்டே இருப்பார்கள், தாமதிக்க வேண்டாம்.