சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஓர் அமானிதம்



முந்திரித் தோப்புகள் சூழ்ந்த முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும், அதனை அடுத்த நெய்வேலி, பண்ருட்டிப் பகுதிகளிலிருந்தும் சென்னைக்குச் செல்வோரில் பலர் நோயாளியோடு செல்பவர்களே. பெரியாஸ்பத்திரி என்று நம் முன்னோர் சொல்லிவந்த அரசுப் பொது மருத்துவமனையின் வாசலில், சீட்டு எழுதி முடித்து, கையில் தேநீர்க் குவளையோடு எதிர்ப்புறம் பார்த்தவாறு நீங்களும் ஒருநாள் நின்றிருக்கலாம். சாலைக்கு அப்பால் சென்ட்ரல் ரயில் நிலையம். சற்று மேற்கே வெள்ளை வெளேரென்று ரிப்பன் கட்டடம். இவ்விரண்டிற்கும் நடுவே, செங்கல் நிறத்தில், வளைவுகளும் சதுரக் கோபுரமுமாக ஒரு பழங்கட்டடம் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பள்ளிவாசலோ, நீதிமன்றமோ, அரண்மனையோ என்று ஐயுற்றிருப்பீர்கள். அது ஒரு நாடக அரங்கு. விக்டோரியா பொது மண்டபம் என்பது அதன் பெயர்.

தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற நம் தென்னாற்காட்டுச் சீமைக்கு நாடகம் புதியதன்று. அறுவடை முடிந்த களத்தில் நடுச்சாமத்துக்கு மேல் தொடங்கி, விடிந்தபின் முடியும் கூத்தினை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். அதற்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை; ஆதலால் பழுதுபார்க்க வேண்டிய கவலையும் இல்லை. 1956-ஆம் ஆண்டு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, நெய்வேலி நகரியம் உருவானபின் லிக்னைட் ஹால் போன்ற மண்டபங்கள் எழுந்தன. ஊருக்கென்று ஒரு மேடை, அதன்மேல் ஒரு கூரை, அதனைக் காப்பதற்கு ஒரு பொறுப்பாளர் என்னும் ஏற்பாடு இந்த வட்டாரத்தில் அப்போதுதான் வேரூன்றியது எனலாம். சென்னையிலோ அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது. செய்தவர்கள் அரசாங்கத்தார் அல்லர், பொதுமக்கள்.

1880களின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்தில் பொதுக்கூட்டம் நடத்துவதற்கும் நாடகம் போடுவதற்கும் நல்லதோர் இடம் இல்லை. நகரப் பிரமுகர்கள் கூடிப் பேசி, நன்கொடை திரட்டி, ஒரு பொறுப்புக் குழுவை அமைத்தனர். நகரசபை மிகக் குறைந்த வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாக நிலம் தந்தது. 1883-ஆம் ஆண்டு டிசம்பரில் விஜயநகர மகாராஜா அடிக்கல் நாட்டினார். இவர் விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரத்தின் அரசர். ஹம்பி விஜயநகரம் என்று மயங்கிவிட வேண்டாம். கட்டடம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் எழுந்தது. விக்டோரியா மகாராணி பட்டமேறிய பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது.

வரைபடம் தந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இந்த சிஸ்ஹோமை நம் சமுதாயத்தார் சற்று நினைவில் வைப்பது நல்லது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாஹ் 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை, நவாபு வமிசத்தின் ஆட்சியுரிமை பறிக்கப்பட்டபின் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அங்கே புதிய பகுதிகளையும் கோபுரத்தையும் கட்டும் வேலை சிஸ்ஹோமிடம் வந்தது. நவாபின் அரண்மனை வளைவுகளையும் குவிமாடங்களையும் அருகிருந்து பார்த்துப் பழகிய அந்த ஆங்கிலேயர், பிற்காலத்தில் தாம் வரைந்த கட்டடங்கள் பலவற்றில் அந்தச் சாயலைப் புகுத்தினார். இந்தோ சாரசனிக் என்று நூல்கள் குறிப்பிடும் பாணி இதுவே. சாரசன் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல்.

விக்டோரியா மண்டபத்தின் கோபுரத் தலைப்பு திருவிதாங்கூர்ப் பாணியில் அமைந்தது. தாழ்வாரத்து வளைவுகள் ஐரோப்பியச் சாயல் கொண்டவை. கூரைக்குக் கீழே சுவரின் மேல்விளிம்பில் ஓடும் சுடுமண் வேலைப்பாடோ, பார்ப்பவர்க்கு அரபு எழுத்தணியை நினைவூட்டுவது. அதில் ஆயத்து எதுவும் இல்லை, எழுத்தும் இல்லை. எழுத்தின் நெளிவு மாத்திரமே இருக்கிறது. ஆயினும், ஒரு பொது அரங்கின் நெற்றியில் நம் எழுத்தின் சாயல் நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அம்மண்டபத்தில் நடந்தவற்றை விரித்தால் இவ்விதழ் போதாது. 1896-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டீவன்சன் என்னும் புகைப்படக் கடைக்காரர் அங்கே அசையும் படங்களைக் காட்டினார். சென்னை மக்கள் சினிமாவைக் கண்டது அப்போதுதான். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். இவை இருக்கட்டும், நாடகத்துக்கு வருவோம்.

1891-ஆம் ஆண்டு பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவர் தம் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். பார்த்தவர்களுள் பம்மல் சம்பந்தம் என்ற பதினெட்டு வயது இளைஞரும் ஒருவர். அதுவரை தமிழ் நாடகத்தை இழிவாக எண்ணியிருந்த அவர், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி மதிப்போடு நடிக்க முடியும் என்பதை அன்று கண்டார். அவ்வாண்டு ஜூலையில் நண்பர் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபை 1936-இல் மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்திற்குப் போகும்வரை பல்லாண்டுகள் விக்டோரியா மண்டபத்தையே தன் வீடாகக் கொண்டிருந்தது. சம்பந்த முதலியார் வழக்கறிஞராகி, நீதிபதியாகவும் இருந்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கினார். 1954-இல் படமாகி வந்த ‘மனோகரா’வை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பர், அதன் மூலம் அவர் 1895-இல் மேடையேற்றிய நாடகமே.

“நாடகத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கும் வாசகர் இருப்பர். கேள்வி நியாயமானதே. கூத்தும் ஆட்டமும் வீண் என்று நம் ஆலிம்கள் கண்டித்தது உண்டு. அக்காலத்துச் சில மேடைகளின் தரத்தை எண்ணினால் அக்கண்டனத்தைக் குறை சொல்ல இயலாது. எனினும் வரலாறு ஒருவழிப் பாதையன்று. அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்று முஸ்லிம் புலவர்கள் தமிழில் நாடக நூல்களே இயற்றியிருக்கின்றனர். பம்பாயிலிருந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்த பார்சி நாடகக் குழுக்கள் நடித்தவை பெரும்பாலும் உருது, இந்துஸ்தானி நாடகங்களே. லக்னோவின் ஆகா ஹஸன் அமானத் எழுதிய ‘இந்தர் சபா’ தமிழ் மேடைக்கும் வந்து சேர்ந்தது. திரைச்சீலையும் பக்கத் தட்டிகளும் ஆர்மோனியமும் தமிழ் நாடகத்தில் நிலைபெற்றதற்கு அக்குழுக்களே பெரிதும் காரணம். (நவாப் ராஜமாணிக்கம் என்ற பெயரைக் கேட்டு அவரையும் நம்மவர் என்று எண்ணியோர் உண்டு. அவர் முஸ்லிம் அல்லர். ராமதாஸ் நாடகத்தில் நவாபு வேடம் சிறக்கத் தாங்கியதால் அப்பட்டம் ஒட்டிக்கொண்டது.)

இனி, வேதனை தரும் பகுதிக்கு வருவோம். பொதுமக்கள் பணத்தில், பொதுமக்கள் பயனுக்காக எழுந்த அம்மண்டபம் என்ன ஆயிற்று? சபை வேறிடம் போயிற்று, சினிமா வளர்ந்தது, வருமானம் குறைந்தது. 99 ஆண்டுக் குத்தகை முடிந்தபின் கட்டடம் யாருக்கு உரியது என்ற வழக்கு நீண்டது. வழக்கு நடக்கும் கட்டடத்தில் ஓட்டை அடைப்பார் யார்? கூரை ஒழுகியது, மரம் உளுத்தது, புறாக்கள் குடியேறின. கடைசியில் அது மாநகராட்சியின் கைக்கு வந்தது. பழுதுபார்க்கத் தொடங்கிய ஒரு முயற்சி இடையில் தேங்கியது. பக்கத்தில் மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைக் குடைந்தபோது பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது.

வக்ஃபு சொத்துகளின் வரலாறு அறிந்த வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நன்னோக்கத்தோடு கொடுத்தவர் மறைந்தபின், முத்தவல்லி யார் என்ற வழக்கிலேயே தலைமுறைகள் கழிந்து, கட்டடம் மழையில் கரைவதை நம் ஊர்களில் காணவில்லையா? கொடுப்பதற்குப் பணம் இருந்தால் போதும். காப்பதற்கு மனிதர் வேண்டும்; ஒருவர் போனபின் அடுத்தவர் வேண்டும். அமானிதம் என்ற சொல்லின் பாரம் அங்கேதான் இருக்கிறது.

விக்டோரியா மண்டபம் தப்பியது; அதன் அண்டைக் கட்டடம் தப்பவில்லை. இன்று சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் பேர்போன அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹாலும் 2012 ஜனவரியில் எரிந்தது. அதனை இடித்துத் தள்ளாமல் மீட்டுக் கட்டினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

சென்னை மாநகராட்சி, சிங்காரச் சென்னைத் திட்டத்தின் கீழ், 32 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், 2023-இல் விக்டோரியா மண்டபத்தைச் சீரமைக்கும் பணியைத் தொடங்கியது. இத்தகைய கட்டடங்களில் முதல் வேலை சேர்ப்பதன்று, அகற்றுவது. பிற்காலத்தில் அவசரத்துக்குப் பூசிய சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஏன் சிமெண்டு ஆகாது? பழைய செங்கல் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரம் உறிஞ்சும், வெயிலில் வெளியேற்றும். சுண்ணாம்புச் சாந்தும் அவ்வாறே. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இறுகுவதற்குக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய முறை. சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். உள்ளே தேங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். வெளியே பார்த்தால் சுவர் பளபளப்பாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். நம் பழைய பள்ளிவாசல்களின் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசி, அதன்மேல் பளிங்கு ஓடு ஒட்டும் ஜமாஅத்தார், செலவு செய்வதற்குமுன் இவ்வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்பார்களாக. நன்மையை நாடிச் செய்யும் திருப்பணி கட்டடத்தைக் கொல்லும் பணியாகிவிடக் கூடாது.

புதுமைப்படுத்துவது இதனினும் சிக்கலானது. ஒலிபெருக்கி இல்லாத காலத்து அரங்கு அது. நடிகரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டும்படி மரமும் உயரமும் துணைசெய்தன. அங்கே குளிர்சாதனம் பொருத்தினால் அதன் இரைச்சல் வசனத்தை விழுங்கும்; திறந்த வளைவுகளை அடைத்தால் ஒலியின் போக்கே மாறும். தீப்பிடித்தால் வெளியேறத் தனிவழி வேண்டும். முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏறுவதற்கு மின்தூக்கி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பழைய சுவரில் எங்கோ ஒரு துளை போட்டாக வேண்டும். எத்தனை துளை போடலாம் என்பதே இத்துறை வல்லுநர்களின் ஓயாத விவாதம்.

நம் வாசகர்களின் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் இதே ராணியின் பெயரால் ஓர் அரங்கு உண்டு. அதனை 2010-இல் மூடி, 2014-இல் திறந்தனர். முன்பு 900-க்கு நெருங்கிய இருக்கைகளை 614 ஆகக் குறைத்துவிட்டனர்! டிக்கெட்டு வருமானம் போகட்டும், பார்ப்பவரும் கேட்பவரும் சுகமாக இருக்கட்டும் என்ற துணிவு அது. பழைய நாற்காலிகளின் பாகங்களையும் எறிந்துவிடாமல் சுவர் அலங்காரத்தில் பதித்தனர். பம்பாயில் 1911-இல் திறக்கப்பட்டு, 1993-இல் மூடப்பட்ட ராயல் ஓபரா ஹவுஸ், 2016-இல் மறுவாழ்வு பெற்றது.

நாற்காலியும் விளக்கும் வந்துவிடும். அடுத்து எழும் கேள்விக்கே நான் அஞ்சுகிறேன். கோடிக்கணக்கில் செலவிட்டுப் புதுப்பித்த அரங்கின் ஒருநாள் வாடகை என்னவாக இருக்கும்? சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்கள் செல்வந்தர்கள் அல்லர். பெரும்பாலும் மாணவப் பருவத்து இளைஞர்கள். அத்தகைய ஏழெட்டு இளைஞர்கள் இன்று ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு அங்கே கதவு திறக்குமா? அல்லது கல்யாண வரவேற்புக்கும் கம்பெனி விழாவுக்கும் மட்டுமே திறக்குமா? மாதத்தில் நான்கு நாட்களேனும் சிறு குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் விடுவதென்று எழுத்தில் விதி செய்ய வேண்டும். ஒத்திகைக்குப் பகல் வேளையை இலவசமாகத் தரலாம். பகலில் மேடை காலியாகத்தானே கிடக்கும்? நம் ஊர் ஷாதி மஹால்களுக்கும் இதனையே சொல்வேன். முஹூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் கூடத்தில் பிள்ளைகள் பேச்சுப் பழகினால் ஜமாஅத்துக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

அலிபாதுஷா நாடகத்தை மேடையில் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நூல் இருக்கிறது, பாட்டுகள் இருக்கின்றன, ராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் தமிழ் பயிலும் நம் பிள்ளைகள் ஒரு குழுவாகக் கூடி, அதனைச் சுருக்கி, இரண்டு மணி நேர நாடகமாக்கி, விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் பார்க்கலாம். வாடகைக்கு இதழ் வாசகர்கள் கைகொடுக்க முன்வந்தால், முதல் நூறு ரூபாய் என்னுடையது.