மரத்துக்குள் நான்கு சுவர்கள்

ஈப்போவில் ஒரு கோல்ப் திடலில் புல் வெட்டும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “உச்சி வரைக்கும் பச்சையா நிக்குது ஐயா. அந்த மரத்தைப் போய் ஆபத்துன்னு சிவப்புச் சாயம் பூசிட்டாங்க. ஏன்?”

2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்ததிலிருந்து, நிழல் மரத்தைக் கண்டாலே பலருக்குப் பயம். பயப்படுவதைவிட விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

மரத்தில் தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில். நடுக்கட்டை செத்தது, தாங்குவது மட்டுமே அதன் வேலை. அதைப் பூஞ்சை தின்று தீர்த்தாலும் இலைக்குச் செய்தி போகாது. அதனால்தான் உள்ளே பொந்தாகிப்போன மரமும் பச்சையாக நிற்கிறது.

பூஞ்சை எப்படி உள்ளே போகிறது? பெரும்பாலும் காயத்தின் வழியாக. மரத்தின் காயத்தைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். “கத்தி பட்டையில ஓடணும், கட்டையைத் தொடக் கூடாது” என்பார். தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு மறுபட்டை வளர்ந்தாலும் அதில் ஒழுங்காகக் கோடு இழுக்க முடியாது.

அம்மா பட்டையில் கண்டதைக் கட்டைக்குள் கண்டவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970-களில் அவர் சொன்னது இது: மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை. நம் தோல்போல் பழைய இடத்தில் புதுச்சதை வளராது. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பிப் பூட்டிவிடுகிறது. மேலும் கீழும் ஒன்று, உள்நோக்கி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இந்த மூன்றும் காயம் பட்டபோதிருந்த கட்டைக்குள். நான்காவது, காயத்துக்குப் பின் வளரும் புதுக்கட்டையைக் காக்கிற சுவர். அழுகலைத் தடுப்பதில் அதுதான் வலியது. ஆனால் காற்று முறுக்கும்போது அந்தச் சுவரை ஒட்டியே மரம் விரிசல் விடவும் கூடும். காக்கிற இடமே பலவீனமான இடமாகவும் இருப்பதை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

பொந்து விழுந்ததாலேயே மரம் விழுந்துவிடாது, மூங்கில் நிற்கவில்லையா? அடிமரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், சுற்றிலும் 10 சென்டிமீட்டராவது நல்ல கட்டை வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. சந்தையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்ப்பதுபோல், மரத்தைச் சோதிப்பவர்கள் மரச்சுத்தியால் அடிமரத்தைத் தட்டிக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் கருவி வைத்து அளப்பார்கள். வேரடியில் தட்டுத்தட்டாகக் காளான் ஒட்டியிருந்தால் தட்டும்முன்பே கவலைப்பட வேண்டியதுதான்.

கோல்ப் திடல் மரங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றில் பல, தோட்டத்தில் நிரை நிரையாக, ஒன்றுக்கொன்று காற்றை மறைத்து வளர்ந்தவை. தோட்டத்தை அழித்துத் திடலாக்கும்போது அழகுக்காக நாலைந்தை விட்டுவைக்கிறார்கள். பழகாத காற்றை அவை திடீரென்று தனியாகத் தாங்க வேண்டும். அதோடு புல்வெட்டும் இயந்திரம் அடிமரத்தை உரசுகிறது; வடிகால் தோண்டுகிறவர்கள் வேரை அறுக்கிறார்கள்; மலிவாக முடிகிறதென்று உச்சியை மொட்டையடிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆறாத காயம். பத்து வருடம் கழித்து மரம் விழுந்தால் பழியைக் காற்றின்மேல் போடுகிறோம்.

ஆபத்தென்றால் வெட்டத்தான் வேண்டும் என்பதில்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பாருங்கள். 1880-களில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரிமேல் கை நீட்டி நிற்கின்றன. அந்தச் சாலையை இப்போது நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள். கீழே ஆள் இருந்தால்தானே விழும் கிளை ஆபத்து? திடலிலும் ஒரு பெஞ்சை, ஒரு பாதையைத் தள்ளிப்போட்டாலே சில மரங்கள் பிழைக்கும்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: சாயம் பூசிய மரத்தைத் தட்டிப் பார்த்தார்களா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தினமும் அதன் கீழே நிற்பவர் நீங்கள். மற்ற மரங்களின் அடியில் இரண்டு முழத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சருகு பரப்பச் சொல்லுங்கள். வெட்டும் இயந்திரம் அங்கே நெருங்க வேண்டியிருக்காது, காயமும் படாது. அம்மா கத்தியைக் கட்டையில் படாமல் ஓட்டியதும் இதற்காகத்தான்.