சொல்லின் பல முகங்கள் – 6: ஆஸ்பத்திரியெல்லாம் இறங்குங்க!

டவுன் பஸ் நிறுத்தத்தை நெருங்குகிறது. விசிலை ஊதிவிட்டு, "ஆஸ்பத்திரியெல்லாம் இறங்குங்க!" என்று குரல் கொடுக்கிறார் கண்டக்டர். யாரும் திகைப்பதில்லை. தூக்குவாளியோடு ஒரு பாட்டி எழுகிறார். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி ஒரு பெரியவர் எழுகிறார். இடத்தின் பெயர், அங்கே போகிற மனிதர்களுக்கு ஆகிவிட்டது.

இதற்குப் பெயர்தான் ஆகுபெயர்.

சென்ற வாரம் பார்த்த உவமைக்கும் உருவகத்துக்கும் ஒப்புமை வேண்டும். முகத்தை நிலவு என்றால், இரண்டுக்கும் பொதுவாக ஒளியோ குளிர்ச்சியோ இருந்தாக வேண்டும். பாட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அப்படி எந்த ஒப்புமையும் கிடையாது. அவர் அங்கே போகிறார், அவ்வளவுதான். உவமையாகுபெயர் என்ற ஒரு வகை நீங்கலாக, மற்ற ஆகுபெயர்களுக்குத் தொடர்பு ஒன்றே போதும்.

தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் பேசுகிறார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் விரித்து வகைப்படுத்தினார். பள்ளிப் பாடத்தில் இவற்றை 16 என்று எண்ணுவார்கள். அந்தப் பட்டியல் மாணவர்களை மிரட்டுகிறது. ஆனால் அதில் உள்ளவை எல்லாம் அவர்கள் வாயில் தினமும் புரளுகிற பேச்சுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பார்க்கலாம். இலையில் பொரியல், அவியல், துவையல், வறுவல் என்று வரிசையாக வந்து விழுகின்றன. பொரியல் என்பது பொரிக்கிற செயல். அவியல், அவிக்கிற செயல். செயலின் பெயர், அந்தச் செயலால் கிடைத்த பண்டத்துக்கு ஆனது. தொழிலாகுபெயர். "தலைக்கு ஒரு வடை போடு" என்கிறார் பந்தி விசாரிப்பவர். வடை போய்ச் சேர்வது தலைக்கு அல்ல, ஆளுக்கு. உறுப்பின் பெயர் முழு ஆளையும் குறிப்பதால் இது சினையாகுபெயர். அடுக்களையில் "அரை லிட்டர் போதாது, இன்னும் வாங்கு" என்றால் அளவு பாலைக் குறிக்கிறது. அது முகத்தலளவையாகுபெயர். மண்டபத்துச் சுவருக்கு அடித்த வெள்ளை, நிறத்தின் பெயரால் வந்த பண்பாகுபெயர்.

இன்னும் நீண்ட பயணம் போன சொல்லும் உண்டு. தாமிரபரணிக் கரையில், "கார் அறுத்தாச்சா?" என்று ஒரு விவசாயி கேட்பார். கார் என்றால் முதலில் கருமை. அந்த நிறத்தின் பெயர் மேகத்துக்கு ஆனது. மேகத்தின் பெயர் அது வரும் பருவத்துக்கு ஆனது. பருவத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கு ஆனது. மூன்று படி தாண்டி வந்ததால் இதை மும்மடியாகுபெயர் என்பார்கள். அரிவாளோடு வயலில் இறங்குகிறவருக்கு அந்தப் படிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஆகுபெயர் சொல்லித்தரும் ஆசிரியர்களும் பெற்றோரும் நூற்பாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். இன்று இரவுச் சாப்பாட்டில் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அதில் எத்தனை ஆகுபெயர் என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பாடம் தொடங்கட்டும்.

(தொடரும்)