சார்ஜ் குறைந்தால் செல்போனே சத்தம் போட்டுச் சொல்லட்டும்

கியூ.ஆர். அட்டை ஒட்டாத மளிகைக் கடையைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. 2016-ம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தபோது "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று ஒதுங்கி நின்ற நம்மவர்களும், இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பேசும் பெட்டி ஒன்றை வைத்து, "பணம் வந்தது" என்ற குரலைக் கேட்ட பிறகே பொட்டலத்தைக் கொடுக்கிறோம். மண்டிக்குச் சரக்கு சொல்வது, அன்றைய விலை கேட்பது, லோடு எங்கே வருகிறது என்று டிரைவரிடம் விசாரிப்பது, ஜி.எஸ்.டி. கணக்குக்கும் இ-வே பில்லுக்கும் வரும் ஓ.டி.பி. எண்ணைப் பார்ப்பது ஆகிய அனைத்தும் ஒரே செல்போனில் வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் போன் அணைந்துவிட்டால் பாதிக் கடை அணைந்தது போலத்தான்.

அது அணைவதும் பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு, வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில்தான். பேசும் பெட்டிக்குள் தனி சிம் இருப்பதால் போன் இல்லாமலும் அது பேசும் என்பது உண்மையே. ஆனால் சிக்னல் கிடைக்காமலோ, அதன் சார்ஜ் தீர்ந்தோ அந்தப் பெட்டி மௌனமாகும் நேரமும் உண்டு. அப்போது வாடிக்கையாளர் தம் போனில் பச்சை நிற 'டிக்' அடையாளத்தைக் காட்டி "அனுப்பிவிட்டேன் அண்ணாச்சி" என்பார். அசல் போலவே தோன்றும் போலித் திரையைக் காட்டிச் சரக்கை வாங்கிச் செல்லும் ஆட்களும் இருக்கும் காலம் இது. நம் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்க நம் போனில் உயிர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம்பிக் கொடுப்பதா, வழக்கமான வாடிக்கையாளரைச் சந்தேகித்து மனம் நோகச் செய்வதா என்ற தர்மசங்கடம்தான் மிச்சம்.

"சார்ஜர் போட்டுத்தானே வைத்திருந்தேன்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஒயரைச் செருகியிருப்போம், ஸ்விட்சைப் போட்டிருக்க மாட்டோம். அல்லது பாக்கெட் ஒட்டும் மெஷினுக்கோ எலெக்ட்ரானிக் தராசுக்கோ பிளக் பாயிண்ட் தேவைப்பட்டு, கடைப் பையன் நம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறந்திருப்பான். போனின் திரையை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் ஏது? இரண்டு கைகளும் சரக்கு கட்டுவதில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. எனவே கண்ணால் பார்க்க வேண்டிய செய்தியைக் காதுக்கு வரும்படி செய்துகொள்வதே நல்ல வழி. ஸ்மார்ட்போனில் இதற்கு வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாமே செய்துகொள்ளலாம்.

நான்கு அறிவிப்புகள் போதும். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் ஒன்று. சார்ஜர் கழன்றாலோ கரண்ட் நின்றாலோ ஒன்று. சார்ஜ் 25 சதவீதத்துக்கு இறங்கியதும் ஒன்று. போதுமான அளவு ஏறியதும் ஒன்று. இவற்றில் முதல் அறிவிப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஸ்விட்சைப் போடாத மறதியை அதுதான் அந்த நொடியிலேயே காட்டிக் கொடுக்கும். ஒயரைச் செருகியும் குரல் வரவில்லை என்றால் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும் என்று பழகிவிடும். 25 சதவீதம் என்று வைப்பதற்கும் காரணம் உண்டு. போன் தானாகக் காட்டும் எச்சரிக்கை 20 அல்லது 15 சதவீதத்தில்தான் வரும். பழைய பேட்டரி உள்ள போன்கள் அதற்குக் கீழே மடமடவென்று இறங்கிவிடுகின்றன.

குரலைத் தயார் செய்தல்

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் முதலில் குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு ஒவ்வொரு கம்பெனி போனிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஆகவே செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுவதே சுலபம். அங்கே பேசும் எஞ்சினாக கூகுளுடையதைத் தேர்ந்தெடுத்து, மொழியில் தமிழைக் குறித்து, தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும். இதை ஒரு முறை செய்துவிட்டால் பிறகு நெட் இல்லாத நேரத்திலும் பேசும். பேசும் வேகத்தையும் அங்கேயே சற்றுக் குறைத்து வைக்கலாம். கடைச் சத்தத்தில் நிதானமாகப் பேசினால்தான் புரியும்.

அடுத்து, 'இது நடந்தால் இதைச் செய்' என்று போனுக்குக் கட்டளை கொடுக்க ஓர் ஆப் வேண்டும். இதற்கென்று பல இருந்தாலும் மேக்ரோடிராய்டு என்பது நம் வேலைக்குப் போதுமானது. இலவசப் பதிப்பிலேயே நான்கு கட்டளைகளுக்கு இடம் இருக்கிறது. விளம்பரங்கள் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். புதிய கட்டளை ஒன்றைத் தொடங்கினால் 'டிரிக்கர்', 'ஆக்‌ஷன்' என்ற பகுதிகள் தெரியும். டிரிக்கர் என்பது எப்போது பேச வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது என்ன செய்ய வேண்டும் என்பது. டிரிக்கரில் பேட்டரி தொடர்பானவற்றைத் திறந்து, 'பேட்டரி லெவல்' என்பதில் 25-க்கு இறங்கும்போது என்று குறிக்க வேண்டும். ஆக்‌ஷனில் 'ஸ்பீக் டெக்ஸ்ட்' என்பதைத் தேடி எடுத்து, "கடைப் போனில் சார்ஜ் குறைகிறது, சார்ஜர் போடவும்" என்று தமிழில் அடித்து, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால் ஒரு கட்டளை முடிந்தது. சார்ஜர் செருகுவதற்கும் கழல்வதற்கும் 'பவர் கனெக்டட்', 'பவர் டிஸ்கனெக்டட்' என்ற டிரிக்கர்கள் உள்ளன. மற்ற மூன்றையும் இதே போலச் செய்துகொள்ளலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனி ஆப் தேவையில்லை. 'ஷார்ட்கட்ஸ்' என்ற பெயரில் ஆப்பிள் கம்பெனியின் ஆப்பே இருக்கிறது. அதில் 'ஆட்டோமேஷன்' பகுதிக்குப் போய்க் கூட்டல் குறியைத் தொட்டால், 'சார்ஜர்', 'பேட்டரி லெவல்' என்ற இரண்டும் பட்டியலில் வரும். சார்ஜரில் இணைத்தபோது, கழற்றியபோது என்ற இரு நிலைகளும், பேட்டரி லெவலில் இத்தனை சதவீதத்துக்கு மேலே போனால், கீழே வந்தால் என்ற நிலைகளும் உண்டு. நிலையைக் குறித்த பிறகு 'ரன் இமீடியட்லி' என்பதைத் தவறாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் "செய்யட்டுமா?" என்று திரையில் கேட்டுக்கொண்டு நிற்கும், பேசாது. பிறகு 'ஸ்பீக் டெக்ஸ்ட்' என்பதைச் சேர்த்து வாசகத்தை அடித்து, அதன் விவரங்களைத் திறந்து மொழியைத் தமிழாக வைக்க வேண்டும். தமிழ்க் குரல் பட்டியலில் இல்லாத பழைய போன் என்றால் வாசகத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் படிக்காது.

வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேசும் பெட்டி சொல்வது போன்ற வாசகத்தைப் போனுக்கு வைக்க வேண்டாம். "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்பதற்கும் "ஐம்பது சதவீதம் ஏறியது" என்பதற்கும் கூட்ட நேரத்தில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். வாசகத்தை எப்போதும் "போன்" அல்லது "சார்ஜ்" என்ற சொல்லில் தொடங்குவது நல்லது. கடையில் இரண்டு போன்கள் இருந்தால் "கல்லாப் போன்", "டெலிவரிப் போன்" என்று பெயரோடு பேசவிட்டால் எது என்று தேட வேண்டியதில்லை. எழுத்துத் தமிழாக இல்லாமல் "சார்ஜு தீரப்போகுது, பிளக்கைச் சொருகுங்க" என்று வைத்தாலும் போன் அப்படியே படிக்கும். பையன்களுக்கு அது இன்னும் சுலபமாக உறைக்கும்.

செய்து வைத்த பிறகு ஓரிரு நாள் நன்றாகப் பேசிவிட்டு, மூன்றாம் நாள் வாயை மூடிக்கொள்வதுதான் ஆண்ட்ராய்டில் வரும் முக்கியத் தொல்லை. ஆப்பில் கோளாறு என்று நினைத்து அழித்துவிடுகிறோம். உண்மையில், சார்ஜை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் போனே அந்த ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வைத்தால் நிறுத்தாது. சில கம்பெனி போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும். அதையும் அனுமதிக்க வேண்டும். அடுத்த காரணம், 'மீடியா' சத்தம் பூஜ்யத்தில் இருப்பது. இந்தக் குரல் ரிங்டோன் அளவில் வருவதில்லை, பாட்டும் வீடியோவும் கேட்கும் அளவில்தான் வரும். போன் புளூடூத் மூலம் காதுக் கருவியோடு இணைந்திருந்தால் குரல் அங்கே போய்விடும் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

கண் பார்வை குறைந்தவர்களுக்காக ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' என்றும் ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்றும் ஒரு வசதி உண்டு. திரையில் உள்ளதையெல்லாம் வாசிக்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் சார்ஜ் அறிவிப்புக்காக மட்டும் அதைப் போட்டுவிட வேண்டாம். ஒரு முறை தொட வேண்டிய இடத்தில் இரு முறை தட்ட வேண்டியதாகிவிடும். பழக்கமில்லாதவர்கள் போன் பழுதாகிவிட்டது என்று ரிப்பேர் கடைக்கு ஓட நேரும்.

எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது?

இன்வெர்ட்டரும் தராசும் வைத்திருக்கும் நமக்கு ஈய-அமில பேட்டரியின் குணம் தெரியும். அது நிறைந்தே இருக்க விரும்பும். காலியாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுவிடும். செல்போனில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. 1991-ல் சோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இதன் குணம் வேறு. முழுதும் நிறைந்த நிலையில், அதுவும் சூட்டில், நெடுநேரம் கிடப்பதுதான் இதற்கு ஆகாது. அடியோடு காலியாவதும் ஆகாது. முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன பேச்சு, இதற்குப் பொருந்தாது.

100 சதவீதம் ஆனதும் போன் தானாகவே நிறுத்திக்கொள்ளும் என்பதால் பேட்டரி வெடித்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஆயினும் 80, 85 சதவீதத்தில் எடுத்துவிட்டால் பேட்டரியின் ஆயுள் கூடும். ஆனால் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கடை நடத்தும் நமக்கு, சில மாத ஆயுளைவிட அன்றைய வியாபாரம் முக்கியம். கடையில் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருப்பவர்கள் 80-ல் அறிவிப்பை வைக்கலாம். சந்தைக்கும் மண்டிக்கும் அலைபவர்கள் முழுவதும் ஏற்றிக்கொள்வதே சரி. புதிய போன்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு தானாக நிறுத்தும் வசதியும் இருக்கிறது. ஐபோனில் அது 2023-ல் வந்த 15-ம் வரிசை முதல் உண்டு. அதைப் போட்டு வைத்துவிட்டு அறிவிப்பை 90-ல் வைத்தால் குரல் வரவே வராது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும் போனை வெயில் படும் ஷோகேஸ் மேலும், குளிர்பெட்டியின் சூடான பின்பக்கத்திலும், சாக்குகளுக்கு அடியிலும் செருகி வைக்கிறோம். காற்றோட்டமுள்ள ஓர் இடத்தில் ஆணி அடித்துச் சிறு தட்டு மாட்டினால் செலவு ஒன்றும் பெரிதில்லை.

அனுமதி கேட்கும்போது கவனம்

பிளே ஸ்டோரில் பேட்டரி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் ஆப்கள் கொட்டிக் கிடக்கின்றன. "பேட்டரியை இரட்டிப்பாக்கும்" என்று விளம்பரம் செய்பவை பக்கம் போகவே வேண்டாம். எந்த ஆப்பும் பேட்டரியைப் பெரிதாக்க முடியாது. சார்ஜ் அளவைப் பேசிச் சொல்லும் வேலைக்கு நம் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்கும் அனுமதியோ, தொடர்பு எண்களோ, 'அக்ஸசிபிலிட்டி' என்னும் திரையையே கையாளும் அனுமதியோ தேவையில்லை. மேக்ரோடிராய்டு வேறு பல வேலைகளும் செய்வதால் சில அனுமதிகளைக் கேட்கும் இடங்கள் அதிலும் உண்டு. நாம் மேலே சொன்ன நான்கு கட்டளைகளுக்கு அவை வேண்டியதில்லை. நம் பாங்க் கணக்கு இருக்கும் போன் இது. ஓ.டி.பி.யைப் படிக்கும் உரிமையை முன்பின் தெரியாத ஆப்புக்குக் கொடுப்பது கல்லாச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். வாட்ஸ்அப்பில் வரும் ஆப் கோப்புகளை எக்காரணம் கொண்டும் ஏற்றக்கூடாது. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதம் ஆக ஆக மீட்பது கடினம்.

இந்த ஏற்பாட்டில் நாம் எதிர்பாராத ஒரு லாபமும் இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள கடைகளில் கரண்ட் போனது பல நேரம் தெரிவதில்லை. விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரில் சேராத ஐஸ்கிரீம் பெட்டியும் பால் வைத்த ஃபிரிட்ஜும் மட்டும் நின்றிருக்கும். போன் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் போடாமல், ஃபிரிட்ஜ் உள்ள லைனில் போட்டு வைத்தால் கரண்ட் போன நொடியிலேயே "சார்ஜர் நின்றுவிட்டது" என்ற குரல் வந்துவிடும். பெட்டியைத் திறக்காமல் குளிரைக் காப்பதா, சரக்கை மாற்றுவதா என்று முடிவு செய்ய நேரம் கிடைக்கும். யாராவது போனை ஒயரிலிருந்து உருவி எடுத்தாலும் இதே குரல்தான் வரும். அதனால் கழலும்போது பேசும் வாசகத்தை மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்கும்படி, இரண்டு முறை சொல்வது போல் அடித்து வைக்கலாம். எல்லாம் முடிந்ததும் ஸ்விட்சை ஒரு தரம் அணைத்து, ஒரு தரம் போட்டு, கடையின் பின்கட்டில் நின்றால் குரல் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.