தேனீப் பெட்டியைத் தேடி வருபவர்கள்

வீட்டில் தேனீ வளர்க்கிறோம் என்று சொன்னால், "கொட்டாதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாகப் பெட்டி வைப்பவரின் முதல் வருடத்தைக் கெடுப்பது கொடுக்கு அல்ல. ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேனீகூட இருக்காது. கறுத்துப்போன அடையும் அதன்மேல் வெள்ளை நூல் வலையும் மட்டுமே மிச்சம். வெலிமடையில் எங்கள் சாச்சா வைத்திருந்த மூன்று பெட்டிகளில் ஒன்று சென்ற வருடம் இப்படித்தான் போனது. உம்மும்மா பார்த்துவிட்டுக் கண்ணூறு என்றார். உயிரியல் படிக்கும் எனக்கோ அது மெழுகு அந்து.

நமது நாட்டில் பெட்டியில் வளர்க்கப்படுவது, சிங்களத்தில் 'மீ மெஸ்ஸா' எனப்படும் ஆசியத் தேனீ. இதன் விஞ்ஞானப் பெயர் ஏபிஸ் செரானா. மேலைநாட்டுத் தேனீயைவிடச் சிறியது. கூட்டத்தின் எண்ணிக்கையும் குறைவு. இதன் முக்கிய குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொல்லை அதிகமானால் இது அதே இடத்தில் கிடந்து போராடாது. இராணியோடு முழுக் கூட்டமும் கூட்டை விட்டுப் பறந்துவிடும். ஆகவே இங்கு பீடைகளைக் கட்டுப்படுத்துவது என்றால், தேனீக்கள் வெறுத்துப்போய் வெளியேறாமல் பார்த்துக்கொள்வது என்றே பொருள்.

மெழுகு அந்து இரவில் வந்து பெட்டியின் இடுக்குகளில் முட்டையிடும். அதன் புழு வெறும் மெழுகைத் தின்று வாழ்வதில்லை. பல தடவை குஞ்சு வளர்ந்த பழைய அடையில் கூட்டுப்புழுக்களின் உறைகளும் மகரந்தமும் ஒட்டியிருக்கும். புழுவுக்கு வேண்டிய போசணை அங்குதான் இருக்கிறது. அதனால்தான் புதிதாகக் கட்டிய வெள்ளை அடையை அது அதிகம் தொடுவதில்லை. கறுத்த அடையைத் துளைத்துத் துளைத்து நூல் குகை அமைக்கிறது. கூட்டம் பலமாக இருந்தால் வேலைக்காரத் தேனீக்களே புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். மழை நீடித்துப் பூ குறைந்து, அடைகளை மூடி நிற்கும் அளவுக்குத் தேனீக்கள் இல்லாதபோதுதான் அந்து வெற்றி பெறுகிறது. அந்து வந்ததால் கூட்டம் நலிந்தது என்று சொல்வார்கள். என் கணிப்பில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: கூட்டம் நலிந்ததால்தான் அந்து வந்தது.

எனவே மருந்து தேடுவதைவிடத் துப்புரவே முக்கியம். ஆசியத் தேனீ பழைய அடையைக் கடித்துக் கீழே உதிர்க்கும். அந்தத் தூள் அடிப்பலகையில் சேர்ந்தால் அந்துப் புழுவுக்கு அதுவே தொட்டில். வாரம் ஒரு தடவை அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தேனீக்கள் மூடாத அடையை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த அடையைப் பொலித்தீனில் சுற்றி ஓர் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் இறந்துவிடும். (உம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், மீனுக்குப் பக்கத்தில் இது இருப்பதை யாரும் விரும்புவதில்லை.) அலுமாரியில் போடும் நெப்தலீன் உருண்டையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது மெழுகில் ஊறித் தேனுக்கும் வந்துவிடும். பூ இல்லாத காலத்தில் மாலையில் சீனிப்பாகு வைப்பதும் அந்துவுக்கு எதிரான வேலைதான்.

சீனிப்பாகு சிந்தினால் எறும்பு வரும். பெட்டியைத் தாங்கும் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது பழைய வழி. ஆனால் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது. நீருக்குப் பதிலாகப் பாவித்த எஞ்சின் எண்ணெயை ஊற்றலாம். ஒரு புல் நுனியோ மாமரக் கிளையோ பெட்டியில் பட்டுக்கொண்டிருந்தால் இதில் பயனில்லை. முசுறுகள் அந்தப் பாலத்தையே தேடித் திரிகின்றன.

குளவிகளின் விடயத்தில் தேனீக்கள் நம்மைவிடக் கெட்டிக்காரிகள். வாசலுக்கு வரும் குளவியை நூற்றுக்கணக்கில் சூழ்ந்து பந்தாகப் பிடித்து, தசைகளை அதிரச் செய்து சூடேற்றும். பந்தின் உள்ளே சுமார் 46 பாகை செல்சியஸைத் தாண்டும். குளவி இறந்துவிடும், சில பாகைகள் கூடுதலாகத் தாங்கக்கூடிய தேனீ தப்பிவிடும். ஜப்பானில் வாழும் இதே இனத் தேனீயிடம் இதை அளந்த ஆய்வு 1995இல் வெளியானது. நாம் செய்ய வேண்டியது, குளவி நுழைய முடியாதபடி வாசலைச் சிறிதாக்குவது மட்டுமே.

இணையத்தில் காணொளி பார்த்துத் தேனீ வளர்க்கப் பழகுபவர்கள் அதிகம் பயப்படுவது சிறு கூட்டு வண்டுக்கு. 5 முதல் 7 மில்லிமீற்றர் நீளமான, கரும்பழுப்பு நிற வண்டு அது. ஆபிரிக்காவுக்குரியது, 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தேனீக் கூடுகளை அழித்துப் பெயர் பெற்றது. 2002இல் அவுஸ்திரேலியாவிலும் கண்டறியப்பட்டது. தேனீக்கள் வண்டை ஒரு மூலையில் அடைத்துக் காவல் நிற்கும். அதுவோ காவல்காரியின் வாயைத் தன் உணர்கொம்பால் தடவி அவளிடமே உணவு வாங்கி உண்ணும்! உண்மையான அழிவு புழுக்களால்தான். அவை ஊர்ந்த தேன் புளித்து நுரைத்து, அழுகிய தோடம்பழம் போல மணக்கும். வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. அந்நாடுகளில் சட்டங்களுக்கிடையே எண்ணெய் ஊற்றிய சிறு தட்டுகளை வைத்து வண்டைப் பிடிக்கிறார்கள்.

கறுப்பாக எதைக் கண்டாலும் அந்த வண்டு என்று பதற வேண்டியதில்லை. புழுவைப் பாருங்கள். நூல் வலை இருந்தால் அது மெழுகு அந்து. வலை இல்லாமல், முதுகில் முட்களும் தலைப்பக்கம் மூன்று சோடிக் கால்களும் மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம். அப்போது ஒன்றைப் போத்தலில் அடைத்து விவசாயப் போதனாசிரியரிடமோ, பண்டாரவளை பிந்துனுவெவயில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவிலோ காட்டுங்கள்.

குஞ்சுகள் நீர் நிரம்பிய பை போல இறந்து கிடந்தால் அது வைரசு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்த அடையை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

பூச்சிகொல்லியைப் பெட்டிக்குள் அடிக்க யாரும் துணிவதில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பதும் அதே தேனீயைத்தான் கொல்கிறது. வெலிமடையில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் மருந்தில்லாமல் விளைவதில்லை. சாச்சா இப்போது பக்கத்துத் தோட்டக்காரரிடம், அடிக்கும் நாளை முதல்நாளே சொல்லும்படி கேட்டு வைத்திருக்கிறார். தேனீக்கள் கூடு திரும்பிய பின், அந்தி நேரத்தில் அடிக்க அவரும் சம்மதித்துவிட்டார். தேன் எடுத்ததும் ஒரு போத்தல் அவர் வீட்டுக்குப் போகும்.