சன்னத்துக்கும் ஓர் அளவுகோல்

கைத்துப்பாக்கிப் போட்டிகள் சிலவற்றில் குறி தவறாமை மட்டும் போதாது. சன்னத்தின் வேகமும் அளக்கப்படுகின்றது. 1976இல் அமெரிக்காவில் உருவான சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதி இது. சன்னத்தின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை அடியென்றும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வருவது வலுக்காரணி. அது 125க்குக் குறையலாகாது.

ஏறத்தாழ 8 கிராம், அதாவது 124 கிரெயின் நிறையுள்ள சன்னம் 1010 அடி வேகத்தில் சென்றால் தேறும். 1000 அடியெனில் தேறாது. தேறாதவரின் புள்ளிகள் கணக்கில் சேரா.

மருந்தைக் குறைத்தால் துப்பாக்கியின் பின்னுதைப்புக் குறையும். அடுத்த குறியை விரைந்து எடுக்கலாம். அந்த அநுகூலத்தைத் தடுப்பதே விதியின் நோக்கம். ஆதலால் நடுவர்கள் போட்டியாளரின் வாய்மொழியை ஏற்பதில்லை. ரவைகளைத் தாமே தெரிந்தெடுத்து, சன்னத்தை நிறுத்து, வேகமானியின் முன் சுட்டுப் பார்க்கின்றனர்.

வெளிநாடுகளில் வெற்றுக் கோதுகளுக்குத் தாமே மருந்திடும் போட்டியாளர்கள் பலர். மருந்து மிகுந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். மிகக் குறைந்தால் சன்னம் குழலுக்குள் தங்கிவிடும். அதையறியாது மீண்டும் சுட்டால் குழல் பிளக்கும்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் அனுமதிப்பத்திரமின்றி இவற்றைக் கையாள இடந்தருவதில்லை. பெரியநீலாவணை போன்ற எமது ஊர்களின் விவசாயிகள் இதனை மனங்கொள்ள வேண்டும். நிறுத்தும் அளந்தும் மருந்திடுவோருக்கே ஆபத்து உண்டெனில், பயிர்காக்கக் கட்டுத்துவக்கில் கண்மதிப்பாக மருந்திடுவோரின் நிலை என்ன?