கைப்பிடி பழசா இருக்கலாம்... முடி? ஷேவிங் பிரஷ்ஷில் ஒளிந்திருந்த ஆபத்து!

உடைந்த ஒயின் பீப்பாயின் ஓக் பலகை, பட்டுப்போன ஆலிவ் மரத்துண்டு, மாட்டுக் கொம்பு... வீணாகப் போகும் இவற்றைக் கடைந்து ஷேவிங் பிரஷ் செய்யும் கைவினைஞர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கைப்பிடியின் தலையில் குழி போட்டு, முடிக்கொத்தைப் பசை வைத்து ஒட்டினால் பிரஷ் ரெடி. குழியின் ஆழத்தில்தான் சூட்சுமம். ஆழம் கூடினால் முடி விறைப்பாக நிற்கும். குறைந்தால் தொளதொளவெனச் சாயும்.

கைப்பிடி எவ்வளவு பழசானாலும் பிரச்னையில்லை. முடி அப்படியல்ல!

அந்தக் காலத்தில் உசத்தியான பிரஷ் என்றால் பேட்ஜர் என்ற விலங்கின் முடிதான். முதல் உலகப் போரில் அதன் வரத்து தடைபட, இறக்குமதியான குதிரை முடியை பேட்ஜர் முடிபோல மாற்றி விற்றார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. நம்மூரில் ஆடு, மாடு வளர்ப்பவர்கள் 'அடைப்பான்' என்பார்களே, அதே நோய்தான். சவரக் கீறல் வழியே அது உடலுக்குள் புகுந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ராணுவ வீரர்கள், பொதுமக்கள் என 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன.

பழங்கால பிரஷ்களை வாங்கிப் பயன்படுத்தும் மோகம் திரும்பியதால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழ் 2017-ல் இந்தக் கதையை நினைவூட்டியது. ஆபத்து மிகமிகக் குறைவுதான். ஆனால், ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். சோப்பும் வெந்நீரும் அவற்றை அசைக்காது.

குதிரை வாலிலிருந்து கத்தரித்த முடியில் இன்றும் பிரஷ் செய்கிறார்கள். குதிரைக்கு வலியில்லை. முறையாகக் கிருமிநீக்கம் செய்த முடிதானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். 1930-க்கு முந்தைய தாத்தா காலத்து பிரஷ் கையில் கிடைத்தால்..? வீட்டிலேயே சுத்தம் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். முகத்தில் வைக்கவும் வேண்டாம்!